கள்ளுக்குத் தரமில்லை என்பவர்களுக்கு

கள்ளுக்கடையைத் திறக்கலாமா என்ற பேச்சு தமிழ்நாட்டில் எப்போது எழுந்தாலும் எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டு பதில்கள் வரும். குடி குடியைக் கெடுக்கும் என்பது ஒன்று. அது அறத்தின் பாற்பட்ட பதில். அதற்குப் பின்னால் வருகிறேன். மற்றது நிர்வாகப் பதில். கள் மணிக்கு மணி மாறுகிறது, மரத்துக்கு மரம் வேறுபடுகிறது, காலையில் இறக்கியது மாலையில் வேறொன்றாகிவிடுகிறது. இப்படிப்பட்ட ஒன்றுக்குத் தரம் என்று எதை வரையறுப்பது, யார் சோதிப்பது, ஆகவே விற்பனைக்கு விட வழியே இல்லை என்பது அதன் சாரம். மேடையில் பேசுகிறவர்களைவிடப் படித்தவர்கள்தான் இதை அதிகம் நம்புகிறார்கள். லேபிளும் தொகுதி எண்ணும் ஒட்டிய புட்டி அவர்களுக்குத் தரத்தின் அடையாளம். கலயத்தில் நுரைக்கும் வெள்ளைத் திரவம் தரமின்மையின் அடையாளம். கள்ளை ஆதரிக்கிறவர்களும் இதை நேராக மறுப்பதில்லை. பாட்டன் குடித்தார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லி நழுவிவிடுகிறார்கள். இந்த நிர்வாகப் பதில் அடியோடு தவறு என்பதே என் வாதம். மாறுகிற பானத்துக்கும் தரம் உண்டு. அதை நாக்கால் அறியலாம், மதிப்பெண் போடலாம், அந்த மதிப்பெண்ணை நம்பி மக்கள் கடையைத் தேர்ந்தெடுக்கலாம். இங்கிலாந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அதைச் செய்துகொண்டிருக்கிறது.

முதலில் அந்தப் புட்டி. 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1971இல் கருணாநிதி ஆட்சியில் தளர்ந்து, 1974இல் மறுபடி இறுகி, 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மீண்டும் தளர்ந்தது. 1983இல் அரசின் மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக் பிறந்தது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. ஆலை மது மட்டும் தங்கியது. 2003இல் அதன் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கு வந்தது. அப்படி நிலைத்த பிராந்தியின் லேபிள் நமக்கு என்ன சொல்கிறது? ஆல்கஹால் 42.8 சதவீதம், இன்ன ஆலை, இன்ன தொகுதி. இந்த வகை மதுவில் பெரும்பகுதி, கரும்பாலையில் மிஞ்சும் வெல்லப்பாகிலிருந்து வடித்த ஆல்கஹாலுக்கு நிறமும் மணமும் சேர்த்துத் தயாராவது. அதில் லேபிள் உறுதி தருவது ஒன்றுக்குத்தான்: நேற்று வாங்கியதும் நாளை வாங்கப்போவதும் ஒன்றுபோல இருக்கும். மாறாமை ஒரு குணம், மறுப்பதற்கில்லை. ஆனால் மாறாமையையே தரம் என்று பெயர்மாற்றி வைத்துக்கொண்டு, மாறுவதெல்லாம் தரமற்றது என்று தீர்ப்புச் சொல்வதில்தான் கோளாறு. அப்படிப் பார்த்தால் பால்பவுடர் கறந்த பாலைவிட உயர்ந்ததாகிவிடும்.

கலயத்துக்குள் நடப்பதைப் பார்த்தால் மாற்றம் எவ்வளவு ஒழுங்கானது என்று தெரியும். காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஏனாத்தூரிலும் உத்திரமேரூர்ப் பக்கத்து ஏரிக்கரைகளிலும் வரிசையாக நிற்கிற பனைகளில் பாளை வெடிக்கும் காலத்தில், பாளையை நசுக்கிப் பதப்படுத்தி, நுனியை மெல்லிசாகச் சீவிக் கலயத்தைக் கட்டினால் சாறு சொட்டும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர், தடவாவிட்டால் கள். சாற்றில் சர்க்கரை பத்து சதவீதத்துக்கு மேல் இருக்கும். காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்தின் சுவரிலும் இருக்கிற ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைப் பிடித்துக்கொள்ள, கலயம் மரத்திலிருந்து இறங்கும் முன்பே நொதித்தல் தொடங்கிவிடும். விடியலில் இறக்கியது வாயில் முதலில் இனிக்கும். பின்னால் மெல்லிய புளிப்பு வரும். நாக்கின் நுனியில் வாயு சுருக்கென்று குத்தும். உச்சிப்பொழுதுக்குள் இனிப்பு இறங்கிப் புளிப்பு ஏறும், மாவு புளித்த மணம் தூக்கும், ஆல்கஹால் 4, 5 சதவீதத்தை நெருங்கும். மறுநாள் வரை விட்டால் காற்றோடு சேர்ந்த அசெட்டிக் பாக்டீரியா மேலோங்கி, காடி வாடை தொண்டையைப் பிடிக்கும். ஈஸ்ட், லாக்டிக் பாக்டீரியா, அசெட்டிக் பாக்டீரியா என்று ஒன்றன் கை ஓங்கி மற்றது தாழ்கிற வரிசை இது. வெயிலையும் கலயத்தின் சுத்தத்தையும் பொறுத்து வேகம் கூடும், குறையும். வரிசை பெரிதாக மாறாது. இப்படி வரிசை தெரிந்த ஒன்றை அளக்க முடியாது என்பது எந்த அறிவியல்?

இங்கிலாந்தின் பழைய பாணி பிட்டர் இதே வகைப் பானம். பிட்டர் என்பது மால்ட்டும் ஹாப்ஸும் சேர்த்துக் காய்ச்சும், பெரும்பாலும் 4 சதவீதத்தை ஒட்டிய ஆல்கஹால் கொண்ட, கசப்புத் தூக்கலான பீர். லண்டன் பிரைட், ஹார்வீஸ் சசெக்ஸ் பெஸ்ட் போன்றவை இதில் பேர்பெற்றவை. இதைப் பீப்பாயில் விற்கும் முறையில் ஈஸ்ட்டைக் கொல்லுவதில்லை, வடிகட்டி எடுப்பதுமில்லை. ஆலையிலிருந்து புறப்படும்போது பீர் முழுமையடைந்திருக்காது. மிச்ச நொதித்தல் மதுக்கடையின் நிலவறையில், பீப்பாய்க்குள்ளேயே நடக்கும். அதைப் பக்குவத்துக்குக் கொண்டுவருவது கடைக்காரர் வேலை. பீப்பாயைப் படுக்கவைத்து, மேல்துளையில் முதலில் காற்று கசியும் மென்மரக் குச்சியைச் செருகி அதிக வாயுவை வெளியேற்றுவார். கொந்தளிப்பு அடங்கியதும் அதை எடுத்துவிட்டுக் கடின மரக்குச்சியால் அடைப்பார். ஈஸ்ட் அடியில் படிந்து பீர் தெளியக் காத்திருப்பார். அறையை 11 முதல் 13 டிகிரி செல்சியஸில் வைத்திருப்பார். குழாயைத் திறந்து ஊற்றத் தொடங்கினால் பீப்பாய்க்குள் காற்று நுழைகிறது; அதன்பின் அதற்கு மூன்று நாள் ஆயுள். தாண்டினால் சத்தற்றுப்போய், பிறகு காடியாகும். கள்ளைக் காடியாக்குகிற அதே அசெட்டிக் பாக்டீரியாதான் அங்கேயும் எதிரி. நம் கள்ளுக்கு மணிக்கணக்கு, அவர்கள் பிட்டருக்கு நாள்கணக்கு. வேறுபாடு வேகத்தில் மட்டுமே.

இந்த பீருக்கு எதிராகவும் நாம் கேட்கிற நிர்வாகப் பதில் சொல்லப்பட்டது. 1960களில் இங்கிலாந்தின் பெரிய மது ஆலைகள் பீப்பாய் பீரைக் கைவிட்டு, பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் சாகும்படி சூடாக்கி, வடிகட்டி, கரியமில வாயுவை ஏற்றி, கெக் என்ற அடைத்த கலத்தில் விற்கத் தொடங்கின. வாட்னீஸ் ரெட் பேரல் என்ற பீர் அதன் அடையாளம். கடைக்குக் கடை ருசி மாறாது, கெடாது, கடைக்காரரின் திறமையை நம்பியிருக்க வேண்டியதில்லை என்பது விற்பனைவாதம். அதை எதிர்த்து 1971இல் நான்கு பேர் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். பின்னர் அது காம்ரா என்ற பெயரில் நாடு முழுவதும் பரவியது. நாடாளுமன்றத்தில் தடை கேட்டோ பாட்டன் காலப் பெருமை பேசியோ அது வளரவில்லை. எந்தக் கடையில் பீர் நன்றாகப் பராமரிக்கப்படுகிறது என்று உறுப்பினர்களே குடித்துப் பார்த்துத் தேர்ந்து, 1974 முதல் ஆண்டுதோறும் வழிகாட்டி நூலாக அச்சிட்டார்கள். பிற்பாடு பூஜ்யம் முதல் ஐந்து வரை ஒரு மதிப்பெண் முறை வந்தது. பூஜ்யம் என்றால் குடிக்கத் தகாதது. ஐந்து என்றால் குறையே சொல்ல முடியாதது. சாதாரண உறுப்பினர்கள் போடுகிற மதிப்பெண்கள் சேரச்சேர, எந்தக் கடை ஒழுங்கு, எந்தக் கடை ஏமாற்று என்று ஊருக்கே தெரிந்துவிடுகிறது.

இந்த மதிப்பெண்ணில் ஒரு நுட்பம் இருக்கிறது. நம் வாதத்துக்கு அதுதான் முக்கியம். ஒருவருக்குப் பிடித்த வகை பீரா, பிடிக்காத வகையா என்பதற்கு அதில் இடமில்லை. அந்த பீர் எப்படி இருக்க வேண்டுமோ அந்த நிலையில் கைக்கு வந்ததா என்பதே கேள்வி. மதிப்பெண் பானத்துக்கு விழுவது போலத் தோன்றினாலும் உண்மையில் அது விழுவது பாதுகாத்தவர் மேல். கள்ளுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். இனிப்புக் கள் உயர்ந்தது, புளித்த கள் தாழ்ந்தது என்று வரிசைப்படுத்த வேண்டியதே இல்லை. விடியலில் இறக்கியது என்று சொல்லிக் கொடுத்தால் அதில் விடியற்காலக் கள்ளின் இனிப்பும் குத்தலும் இருக்கிறதா? உச்சிப்பொழுதுக் கள் என்று சொல்லிக் கொடுத்தால் புளிப்பு தெளிவாக, காடி வாடை ஏறாமல் நிற்கிறதா? நுரை தானாக எழுந்து தானாக அடங்குகிறதா? கலயம் கழுவாத பழைய வாடை அடிக்கிறதா? விழுங்கியபின் நாக்கில் என்ன மிஞ்சுகிறது? இந்த ஐந்து கேள்விக்கும் பதில் சொல்ல ஆய்வகம் தேவையில்லை. இறக்கிய நேரத்தையும் மரம் நிற்கும் ஊரையும் கலயத்தில் எழுதி ஒட்டச் சொன்னால் போதும். எழுதியதும் நாக்கில் படுவதும் ஒத்துப்போகிறதா என்பதே தரம்.

நாக்கை நம்பி அரசு நடத்துவதா என்று கேட்பார்கள். ஒருவருக்குப் புளிப்பு பிடிக்கும், ஒருவருக்கு இனிப்பு பிடிக்கும், ருசி அவரவர் சொந்த விஷயம் என்பார்கள். பிடித்தம் சொந்த விஷயம்தான். பழகிய நாக்கின் தீர்ப்பு அப்படியல்ல. நீலகிரித் தேயிலை குன்னூர் ஏலத்துக்குப் போகும் முன்பு அதைக் காய்ச்சி உறிஞ்சிப் பார்த்து மதிப்புச் சொல்வது மனித வாய்தான்; அந்த வாயை நம்பித்தான் பணம் கைமாறுகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதிதாகச் சொல்ல வேண்டியதுமில்லை. பங்குனி, சித்திரையில் சாலையோரம் பதநீர் வாங்கிக் குடிக்கிறவர், சுண்ணாம்பு தூக்கலாகிவிட்டது என்றோ, சுண்ணாம்பு போதாமல் கள்வாடை அடிக்கிறது என்றோ முதல் மடக்கிலேயே சொல்லிவிடுவார். பத்தாம் நூற்றாண்டில் உத்திரமேரூர்ச் சபை குடவோலைத் தேர்தலுக்கு விதி செய்தபோது ஏரி வாரியம், தோட்ட வாரியத்தோடு பொன் வாரியத்தையும் வைத்தது. பொன்னின் மாற்றுப் பார்க்கத் தெரிந்தவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் கல்லில் வெட்டியது. பொன்னிலும் கலப்படம் உண்டு, துண்டுக்குத் துண்டு மாற்று வேறுபடும். அதற்காகப் பொன்னே புழங்கக்கூடாது என்று அந்தச் சபை முடிவு செய்யவில்லை. பார்க்கத் தெரிந்த ஆளை நியமித்தது.

இனி எல்லாவற்றையும்விட வலுவான ஆட்சேபம்: கலப்படம். தெலங்கானாவில் கள் என்ற பெயரில் அல்பிரசோலம், டயஜிபாம், குளோரல் ஹைட்ரேட் போன்ற மயக்க மருந்துகள் கலந்த தண்ணீர் விற்கப்பட்டு, அதற்கு அடிமையானவர்கள் அது கிடைக்காத நாட்களில் நடுங்கிப் பிதற்றி மருத்துவமனையில் சேர்ந்த கதை ஊரறிந்தது. இந்த மருந்துகளை நாக்கு கண்டுபிடிக்காது. இதற்கு ஆய்வகம்தான் வேண்டும். ஆனால் கலப்படம் எங்கே முளைக்கிறது என்று பாருங்கள். மரம் தரக்கூடிய அளவைவிட விற்பனை பெருகும் இடத்தில் முளைக்கிறது. கள் மரத்தைவிட்டு வெகுதூரம் பயணப்படும் இடத்தில் முளைக்கிறது. கேரளத்தில் பல மாவட்டக் கடைகளுக்குக் கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பகுதியிலிருந்து வண்டியேறிப் போகிறது. மணிக்கணக்கில் மாறுகிற பானத்தை வண்டியில் ஏற்றினால், அதை மாறாததாகக் காட்ட ஏதாவது கலக்கத்தானே தோன்றும்? சாக்கரின் கலந்து இனிப்பைப் பிடித்துவைப்பதும் அப்படி வருவதுதான். அந்த இனிப்பு நாக்கில் கசப்பாக ஒட்டிக்கொள்வதைப் பழகியவர் உடனே அறிவார். ஆக, கள்ளின் கலப்படத்துக்குக் காரணம் அதன் மாறும் குணம் என்பதைவிட, மாறக்கூடாது என்று அதன்மேல் சுமத்திய விதி என்பதே பொருந்தும். மரம் நிற்கும் ஊரைச் சுற்றி இவ்வளவு தூரத்துக்குள், இறக்கிய நாளுக்குள் விற்றாக வேண்டும் என்று கட்டினால் கலப்படத்தின் பெரும் லாபம் அடிபட்டுப்போகும். மிச்சத்துக்குச் சோதனைச்சாலை இருக்கிறது. காஞ்சிபுரத்தில் போலி ஜரிகை புகுந்தபோது பட்டுத்தறியைத் தடை செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஜரிகையில் வெள்ளியும் தங்கமும் எவ்வளவு என்று சோதிக்கத்தான் ஏற்பாடு செய்தார்கள்.

கலப்படம் என்றால் சாவு என்று பயமுறுத்துகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்திலும், உத்திரமேரூரின் அண்டை வட்டமான மதுராந்தகம் பகுதியிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் கொத்தாகச் செத்தவர்களைக் கொன்றது மெத்தனால். அது தொழிற்சாலை ரசாயனம்; கலயத்தில் நொதிக்கும் சாறு கொல்லும் அளவுக்கு அதை உண்டாக்குவதில்லை. கள்ளுக்கடை மூடிக்கிடந்த மாநிலத்தில்தான் இந்தச் சாவுகள் நடந்தன. கள்ளைத் திறந்தால் கள்ளச்சாராயம் ஒழிந்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. அதற்கு ஆதாரம் போதாது. கள்ளைத் தடுத்ததால் மக்கள் கலப்படத்திலிருந்து காப்பாற்றப்பட்டார்கள் என்ற வாதத்துக்குத்தான் இங்கே இடமில்லை.

அளவுகோல் எழுத முடியாது என்பவர்களுக்கு, அது எழுதப்பட்டுவிட்டது என்பதே பதில். இந்திய தர நிர்ணய அமைவனம் கள்ளுக்கென்றே ஐ.எஸ். 8538 என்ற தர அளவீட்டை வெளியிட்டிருக்கிறது. கேரளம் தென்னங்கள்ளின் ஆல்கஹாலுக்கு உச்சவரம்பு வைத்துக் கடைகளை நடத்துகிறது. இலங்கையில் 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. யாழ்ப்பாணத்துப் பனங்கள் அங்கே சட்டத்துக்கு உட்பட்டே விற்பனையாகிறது. தமிழ்நாடு அரசே தென்னை நீராவுக்கு 2017இல் விதி எழுதி உரிமம் வழங்கியது. நொதிக்காத வரைதான் அது நீரா; நொதித்தால் சட்டப்படி அது வேறு. அப்படியானால் ஒரு சாறு நொதித்ததா இல்லையா என்று கண்டறிய அரசுக்குத் தெரியும் என்றுதானே பொருள்? நொதித்திருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்த கைக்கு, எவ்வளவு நொதித்திருக்கிறது என்று பார்க்க மட்டும் வராதா? அளவீடும் நாக்கும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல. ஆல்கஹாலின் உச்சவரம்பையும் மருந்துக் கலப்பையும் சோதனைச்சாலை பார்க்கட்டும். புதுமையையும் சுத்தத்தையும் குடிக்கிறவர் பார்க்கட்டும். இங்கிலாந்திலும் வேலை இப்படித்தான் பிரிந்திருக்கிறது.

இப்போது அறத்தின் பதிலுக்கு வருகிறேன். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார் என்பார்கள். உண்மைதான். ஆனால் கள்ளைக் கண்டித்து 42.8 சதவீத பிராந்திக்கு விலக்குக் கொடுக்கும் குறள் எதுவும் அதில் இல்லை. வள்ளுவரைத் துணைக்கு அழைப்பவர் டாஸ்மாக் கடையையும் சேர்த்து மூடச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்கிறவரோடு எனக்கு இந்தக் கட்டுரையில் சண்டை இல்லை. குடியால் சம்பளம் கரைந்த வீடுகளும் அடிவாங்கிய பெண்களும் கற்பனை அல்ல. அவர்கள் முழு மதுவிலக்கைக் கேட்டால் அது நேர்மையான கோரிக்கை. அதே நேர்மையை என் பக்கத்தில் நிற்பவர்களிடமும் எதிர்பார்க்கிறேன். கள் உணவு, கள் மருந்து, அதில் போதையே இல்லை என்று கள் இயக்க மேடைகளில் பேசுவது உதவாது. 5 சதவீத ஆல்கஹால் உள்ள ஒரு லிட்டர் கள்ளில் இருப்பது ஆல்கஹால்தான். பீரில் இருந்தால் போதை, கலயத்தில் இருந்தால் சத்து என்று அது இரண்டாகப் பிரியாது. கள்ளை மருந்தாக்கிப் பேசுகிறவரும் கள்ளை விஷமாக்கிப் பேசுகிறவரும் ஒரே தவறைச் செய்கிறார்கள்: கலயத்துக்குள் இருப்பது நல்ல கள்ளா, கெட்ட கள்ளா என்ற கேள்வியையே இருவரும் எழவிடுவதில்லை.

அந்தக் கேள்வி எழாமல் போனதன் விலை கொஞ்சமல்ல. 1987க்குப் பிறகு பிறந்த தமிழர் ஒருவர் தமிழ்நாட்டில் கடையில் உட்கார்ந்து சட்டப்படி கள் குடித்திருக்க வழியில்லை. மறைவில் இறக்கி மறைவில் விற்பதைக் குடிக்கிறவர் புகார் சொல்லவும் முடியாது, கடை மாற்றவும் முடியாது. கிடைத்ததே போதும் என்று வாங்கிக்கொள்வார். தரம் பார்ப்பவர் இல்லாத சந்தையை நாமே உண்டாக்கிவிட்டு, அந்தச் சந்தையில் தரம் இல்லை என்பதைத் தடைக்குக் காரணமாகக் காட்டுகிறோம். ஆண்டுகள் போகப்போக நல்ல பாளை எது, நேரம் தப்பிய கள் எது என்று சொல்லக்கூடிய மரமேறிகளும் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்கள் இருக்கும்போதே செய்யக்கூடிய சிறிய காரியம் ஒன்று உண்டு. கடை திறப்பதா வேண்டாமா என்பதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். பனை மிகுந்த ஒரு வட்டத்தில் ஒரு பருவத்துக்கு மட்டும் ஆய்வுக்காக அனுமதி கொடுத்து, ஒரே கள்ளை மூன்று மணிக்கொரு முறை சோதனைச்சாலையும் பழகிய நாக்குகளும் தனித்தனியே மதிப்பிடட்டும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் என் வாதம் தோற்றது. ஒத்துப்போனால், கள்ளுக்குத் தரமில்லை என்ற வாக்கியத்தை அமைச்சர்களும் அதிகாரிகளும் அதன்பின் உச்சரிக்கக்கூடாது. தடையைத் தொடர விரும்பினால் வேறு காரணம் சொல்லட்டும். அந்தக் காரணம் டாஸ்மாக் புட்டிக்கும் பொருந்துகிறதா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.